ஊர் திரும்பும் பெண்களின் முடங்கிய ஓய்வூதியம்: பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோவில் அறங்காவலர் சபைகள் ஆகியவற்றின் மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இந்த நாட்டில் உழைத்து இளைப்பாறிய ஒரு பெண், தனது கடைசிக் காலத்தைக் கழிப்பதற்காக யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ திருச்சிக்கோ நிரந்தரமாகப் போய்விட்டால், புறப்படும்போது கிழமைக்கு எவ்வளவு அரச ஓய்வூதியம் பெற்றாரோ அதே தொகையைத்தான் அங்கிருக்கும் காலம் முழுவதும் பெறுவார். இங்கிருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் கிடைக்கும் உயர்வு அவருக்குக் கிடையாது. பத்து வருடம் ஆனாலும், இருபத்தைந்து வருடம் ஆனாலும் அதே தொகைதான். இதைப் பற்றி உங்கள் அமைப்புகள் பேசவில்லை என்பது என் மனக்குறை. இனியாவது பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். நான் தேசிய சுகாதார சேவையில் தாதியாகப் பணியாற்றி இளைப்பாறியவள், கணவரை இழந்தவள், ஊரோடு போய் இருப்பதா, இங்கேயே இருந்துவிடுவதா என்று என் வயதுப் பெண்கள் பலரைப் போலவே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

கணக்கு என்று சொன்னதால் அதையே முதலில் எழுதிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் புதிய அரச ஓய்வூதியம் நடைமுறைக்கு வந்தபோது அதன் முழுத் தொகை கிழமைக்கு 155.65 பவுண். விலைவாசி, சராசரிச் சம்பளம், 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது கூடியதோ அதன்படி ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதால், அத்தொகை 2025 ஏப்ரலில் 230.25 பவுணாயிற்று. 2023இல் மட்டும் 10.1 வீதமும் அடுத்த ஆண்டில் 8.5 வீதமும் கூடின. 2016இல் முழு ஓய்வூதியத்துடன் கொழும்புக்கு விமானம் ஏறியவர் இன்னமும் 155.65 பவுணையே பெறுகிறார். 2025ஆம் ஆண்டு வீதப்படி கிழமைக்கு 74.60 பவுண் வித்தியாசம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3,900 பவுணாகிறது. ஊரில் ஒரு முதியவளைப் பராமரிக்க ஆள் வைத்து, மருந்தும் வாங்குவதற்கு அது எத்தனை மாதத்துக்குப் போதுமென்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாடு போகிற எல்லோருக்கும் இதுதான் விதி என்றால் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிற்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் இருப்பவர்களுக்கு ஆண்டு உயர்வு கிடைக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ், மொரிசியஸ், ஜமேக்கா, பாபடோஸ், துருக்கி, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்கும் கிடைக்கிறது. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்குக் கிடையாது. மொத்தத்தில் நாலரை இலட்சம் பேர் வரையில் இவ்வாறு முடக்கப்பட்ட ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த நாட்டின் வைத்தியசாலைகளை நடத்திச் சென்றவர்களில் மொரிசியஸ், மலேசியா, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து அழைத்து வரப்பட்ட பெண்கள் பெருந்தொகையினர். ஒரே வார்ட்டில் ஒரே இரவுக் கடமையைச் செய்தோம். அரச ஓய்வூதிய உரிமையைத் தரும் தேசியக் காப்புறுதிக்குச் சம்பளத்திலிருந்து ஒரே வீதத்தில் கழித்தார்கள். இப்போது மொரிசியஸ்காரி தன் தீவுக்குத் திரும்பினால் ஆண்டுதோறும் அவளுக்கு உயர்வு உண்டு. வட்டுக்கோட்டைக்குத் திரும்புகிற எனக்கு இல்லை. ஜமேக்காவுக்குப் போகிறவளுக்கு உண்டு. டிரினிடாட்டுக்குப் போகிறவளுக்கு இல்லை. உழைப்பிலோ செலுத்திய பணத்திலோ எங்களுக்குள் வித்தியாசம் இல்லை. அந்தந்த நாட்டுடன் பிரித்தானியா எப்போதோ செய்துகொண்ட பரஸ்பர ஒப்பந்தத்தில் உயர்வைப் பற்றிய வாசகம் இருக்கிறதா, இல்லையா என்பதே காரணம். ஐரோப்பாவுக்கு வெளியே, உயர்வு தரும் அத்தகைய புதிய ஒப்பந்தம் எதையும் இந்த நாடு நெடுங்காலமாகச் செய்யவில்லை. கனடிய அரசு பலமுறை கேட்டும் மறுத்துவிட்டது. இந்தியாவுடன் 2025இல் வணிக உடன்படிக்கை கைச்சாத்தானபோது, கூடவே பேசப்பட்டது இங்கு தற்காலிகமாக வேலைக்கு அனுப்பப்படுவோரின் காப்புறுதிக் கட்டணத்தைப் பற்றி மட்டுமே. வந்து போகும் கணினிப் பொறியியலாளருக்குச் சலுகை பேசிய மேசையில், இங்கு நாற்பது வருடம் உழைத்துத் திரும்புகிறவரின் ஓய்வூதியம் பேசப்படவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று நினைப்பீர்கள். போயாயிற்று. தென்னாபிரிக்காவில் குடியேறிய அனெட் கார்சன் என்ற பெண்மணி தொடுத்த வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் 2005இல் தோற்றது. பிறகு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரவை 2010 மார்ச்சில் 11 பேருக்கு 6 பேர் என்ற பெரும்பான்மையில் அதைத் தள்ளுபடி செய்தது. காப்புறுதிக் கட்டணம் ஓய்வூதியத்துக்காக மட்டும் செலுத்தப்படுவதன்று, சமூகப் பாதுகாப்பு முறை முதன்மையாக உள்நாட்டில் வாழ்வோரின் தேவைக்கானது என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வாசல் இவ்வாறு மூடிவிட்டதால் எஞ்சியிருப்பது அரசியல் வழியே. அதனால்தான் இந்த மடலை ஒரு சட்டத்தரணிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இது ஆண்களையும் பாதிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெண்ணுக்கு, அதிலும் தனித்துப்போன பெண்ணுக்கு, சுமை இரட்டிப்பாக விழுகிறது. எங்களில் பலரைப் பயிற்சிக்கு எடுத்தபோதே பதிவுபெற்ற தாதியர் வரிசையில் அல்லாமல் இரண்டாம் நிலைத் தாதியர் வரிசையில் சேர்த்தார்கள். வந்து சேரும் வரை வித்தியாசம் எங்களுக்குத் தெரியாது. பதவியும் சம்பளமும் கடைசி வரை அந்த வரிசையிலேயே நின்றதால் தொழில்சார் ஓய்வூதியமும் சிறுத்தது. எங்களுக்குப் பின், 1983ஐத் தொடர்ந்து வந்த பெண்களின் நிலை இன்னும் மோசம். முப்பத்தைந்து, நாற்பது வயதில் அகதியாக வந்து, விசா கிடைக்கும்வரை காத்திருந்து, பிறகு துப்புரவு வேலை, முதியோர் பராமரிப்பு நிலைய வேலை, பெற்றோல் நிலைய வேலை என்று செய்தவர்கள் அவர்கள். கணவரின் கடையில் காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டு அவிழ்த்ததிலிருந்து இரவு வரை நின்றவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் காப்புறுதிப் பதிவு எதுவும் இல்லை, ஏனென்றால் சம்பளம் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. இதைச் சொல்வது பல வீடுகளில் ரசிக்கப்படாது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

முழு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுக் காப்புறுதிப் பதிவு வேண்டும். பத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. 2016க்குப் பிறகு ஓய்வூதிய வயதை அடைந்தவர், பெரும்பாலும், கணவரின் பதிவை அன்றித் தன் சொந்தப் பதிவையே நம்ப வேண்டும். 15 ஆண்டுப் பதிவு உள்ள ஒரு பெண்ணுக்கு 2025ஆம் ஆண்டு வீதப்படி கிழமைக்கு 98.68 பவுண் வரும். அவர் இங்கே தனியாக வாழ்ந்தால், வேறு வருமானமும் சேமிப்பும் இல்லாவிடத்து, ஓய்வூதியக் கொடுப்பனவு என்ற உதவி அதை 227.10 பவுணுக்கு உயர்த்திவிடும். அந்த உதவி நாட்டை விட்டு வெளியேறினால் நின்றுவிடும். ஆகவே ஊருக்குப் போகத் தீர்மானிக்கும் அன்றே அவருடைய வருமானம் 227 பவுணிலிருந்து 98 பவுணாக இறங்கும். பிறகு அந்த 98உம் நகராது. தற்காலிகமாக வெளிநாடு போவதாயினும், பொதுவாக நான்கு கிழமைக்கு மேல் தங்கக்கூடாது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கொடியேற்றத்துக்கு முன்தினம் போய் இறங்கினால் பூங்காவனம் கண்டு அடுத்த நாளே பெட்டி கட்ட வேண்டும் என்று ஓர் அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார். கந்தசுவாமியாருக்குத் தெரிந்துதான் திருவிழாவை முப்பது நாளாக வைக்கவில்லையாம்.

ஆண்டுகள் போகப்போக முடக்கம் எப்படிக் கடிக்கிறது என்பதற்கு ஆன் பக்ரிட்ஜ் என்ற பெண்மணியின் கதை பொது அரங்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளில் பணியாற்றியவர். 2001இல், எழுபத்தாறு வயதில், மகளுக்கு அண்மையில் இருப்பதற்காகக் கனடாவின் கல்கரி நகருக்குப் போனார். அன்று அவருடைய ஓய்வூதியம் கிழமைக்கு 72.50 பவுண். நூறு வயதை எட்டவிருந்த நிலையில் 2024 டிசெம்பரில் அவர் லண்டனுக்கு வந்து நியாயம் கேட்டபோதும் அது 72.50 பவுணாகவே இருந்தது. 2016 ஏப்ரலுக்கு முன் ஓய்வூதிய வயதை அடைந்து இங்கிருப்பவர்களுக்கு அதே பழைய அடிப்படை ஓய்வூதியம் அந்த ஆண்டில் 169.50 பவுண். பெண்கள் ஆண்களை விட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பதால், முடக்கத்தின் மிகக் கொடிய கடைசி வருடங்கள் பெரும்பாலும் பெண்களுக்கே வந்து சேர்கின்றன. கணவர் இருக்கும்வரை இரண்டு ஓய்வூதியத்தில் ஓடிய வீடு, அவர் போன பிறகு, எண்பது வயதுக்கு மேல், ஒரு முடங்கிய ஓய்வூதியத்தில் ஓட வேண்டியிருக்கிறது.

நம்மவர்களே இதற்குச் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: பவுணை ரூபாவாக மாற்றினால் ஊரில் ராசாத்தி மாதிரி வாழலாமே, பிறகென்ன முறைப்பாடு? 2022இல் இலங்கை ரூபா சரிந்தபோது இந்தப் பேச்சு உரத்துக் கேட்டது. பவுணுக்குக் கிடைத்த ரூபா கூடியது உண்மை. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்கு அண்மையில் வந்து நின்றதும், பல வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமற் போனதும் உண்மை. நாணய மாற்று வீதம் ஏறும், இறங்கும். ஓய்வூதியம் மட்டும் அசையாது. அதைவிட, தனியாக வாழும் முதியவளின் செலவு அரிசியும் பருப்பும் அன்று. இரவில் கூட இருக்க ஒருவர் வேண்டும். இங்கே இலவசமாகக் கிடைத்த மருத்துவம் அங்கே இல்லை. ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோ போகும் ஓய்வூதியருக்கு அந்நாட்டு மருத்துவச் செலவைப் பிரித்தானியா ஏற்கும் ஏற்பாடு உண்டு, இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போகிறவருக்கு அது இல்லை. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை என்பீர்கள். விடியற்காலையில் வரிசையில் நிற்கவும், பரிசோதனைக்கு வெளியே ஓடவும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறவர்களுக்கு அது சரி. பிள்ளைகளெல்லாம் ஹரோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஒருத்தி தனியார் வைத்தியசாலைக்குத்தான் போவாள்.

உடல் முடியாமற்போனால் திரும்பி வரலாம்தானே என்பதும் முழு உண்மையன்று. நிரந்தரமாகத் திரும்பினால் ஓய்வூதியம் அன்றைய வீதத்துக்கு உயரும். அதுவரை பெறாமற்போனது போனதுதான். பராமரிப்பு உதவிப்பணம் கேட்பதானால் கடந்த மூன்று வருடங்களில் இரண்டு வருடங்களாவது இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். மறதிநோயுடன் எண்பத்தைந்தாவது வயதில் திரும்பும் ஒருவருக்கு இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வது, பெரும்பாலும், வராதே என்று சொல்வதற்குச் சமம். விருந்தாளியாக வந்து நிற்கும் கிழமைகளுக்கு உயர்ந்த வீதம் கேட்டுப் பெறலாம் என்பது இன்னொரு விநோதம்: பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்து நிற்கையில், 2025ஆம் ஆண்டு வீதப்படி, 230 பவுணுக்கு உரியவள், விமானம் ஏறியதும் மறுபடி 155 பவுணுக்கே உரியவளாகிறாள்.

இது செலவு கூடிய காரியம் என்பது ஒவ்வோர் அரசும், எந்தக் கட்சியாயினும், சொல்லிவரும் பதில். வெளியே போனவர் சுகாதார சேவையைப் பயன்படுத்துவதில்லை, வாடகை உதவி பெறுவதில்லை, குளிர்கால எரிபொருள் பணம் பெறுவதில்லை என்பதை அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. இங்குள்ள விலையேற்றத்துக்கு ஈடாகவே உயர்வு தருகிறோம், அது வெளிநாட்டுக்குப் பொருந்தாது என்பது மற்றைய பதில். அப்படியாயின் புளோரிடாவுக்கும் மணிலாவுக்கும் அது எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டால், பழைய ஒப்பந்தம் என்கிறார்கள்.

இனி உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். ஊரில் முதியோர் இல்லம் கட்டுவதற்கு நீங்கள் நிதி சேர்க்கிறீர்கள், நல்ல காரியம். ஊர் திரும்புங்கள், வீட்டைத் திருத்துங்கள், வளவைப் பாருங்கள் என்று ஆண்டு மலர்களில் கட்டுரை போடுகிறீர்கள். அதை வாசித்துவிட்டு வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து விமானம் ஏறும் பெண்ணுக்கு, அவளுடைய ஓய்வூதியம் அந்த விமானத்தோடு நின்றுவிடும் என்று யாரும் சொல்வதில்லை. நிர்வாக சபைகளில் இருப்போரில் பெரும்பாலானோர் வங்கியிலும் பொறியியலிலும் கணக்கியலிலும் இருந்து நல்ல தொழில்சார் ஓய்வூதியம் பெறும் ஆண்கள் என்பதால் இந்தப் பிரச்சினை அவர்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். குற்றம் சாட்டுவதற்காக அல்ல, அந்த சபைகளில் ஏன் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாவதாக, புறப்படுவதற்கு முன் பெண்களுக்கு விளக்கம் கொடுங்கள். கோவில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் போதும். ஓய்வூதிய முன்மதிப்பீட்டைப் பார்ப்பது எப்படி, கடந்த ஆறு வருடங்களில் விடுபட்ட பதிவைக் காசு கட்டி நிரப்புவது எப்படி என்பதைத் தமிழில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: 1978 முதல் 2010 வரை, பிள்ளை வளர்ப்பதற்காக வீட்டில் நின்ற பெண்களின் ஓய்வூதிய உரிமை குறையாதபடி ஒரு பாதுகாப்பு இருந்தது, ஏராளமான பெண்களின் பதிவில் அது ஏறாமலே விடுபட்டுவிட்டது என்பதை அரசே ஏற்றுக்கொண்டு, அதைத் திருத்துவதற்காக 2023இல் கடிதம் அனுப்பத் தொடங்கியது. அந்தக் கடிதத்தை ஏமாற்றுக்காரர் அனுப்பியது என்று எண்ணிக் கிழித்துப் போட்ட பெண்களை நான் அறிவேன். ஊருக்குப் போன பிறகு வரும் உயிர்வாழ்வுச் சான்றுப் படிவத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள். சாட்சிக் கையொப்பத்துடன் அது திரும்பி வராவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள், தபால் தாமதம் என்பது அவர்களுக்குக் காரணமாகப் படாது.

இரண்டாவது, அரசியல். தமிழ்ப் பெண்ணான உமா குமரன் 2024 யூலையில் ஸ்ட்ராட்போர்ட் அன்ட் போ தொகுதியில் வெற்றி பெற்றபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். நமக்காகப் பேசக்கூடிய, நம் வாக்கை மதிக்கிற பாராளுமன்ற உறுப்பினர்கள் லண்டனில் வேறு பலரும் இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கும் நினைவேந்தலுக்கும் அவர்களை அழைக்கும் நீங்கள், அந்த மேடையிலேயே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து, நாட்டை விட்டுப் போய் எத்தனை வருடமானாலும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர் இங்குள்ள பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பழைய பதினைந்து வருட எல்லை எடுபட்டுவிட்டது. இங்கு கடைசியாக எந்த முகவரியில் வாக்காளராகப் பதிந்திருந்தாரோ, பதிந்திராவிட்டால் எங்கு கடைசியாக வாழ்ந்தாரோ, அந்தத் தொகுதியிலேயே அவருடைய வாக்கு. ஊரில் இருக்கும் நம் மூத்த பெண்களை அவ்வாறு பதிவு செய்விக்க உங்கள் ஊர்க் கிளைகளால் முடியும். ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் அந்த வாக்குகள் எண்ணப்படும் என்று தெரிந்தால் உறுப்பினர்களின் காது கொஞ்சம் திறக்கும்.

மூன்றாவது, தனித்து நிற்காதீர்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பிரித்தானிய ஓய்வூதியர் அமைப்புகள் இதற்காக நெடுங்காலமாகப் போராடுகின்றன. கடந்தகால நிலுவையை அவர்கள் கேட்கவில்லை. இன்று யாருக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அந்தத் தொகையிலிருந்து இனிமேலாவது ஆண்டுதோறும் உயர்த்துங்கள் என்றே கேட்கிறார்கள். என் மனம் இதை முழுதாக ஏற்கவில்லை: 72.50 பவுணில் நின்றவருக்கு அதிலிருந்து நான்கு வீதம் கூட்டினால் மூன்று பவுண்கூட வராது. ஆயினும் கதவு திறப்பதற்கு அது வழியென்றால் அதையாவது சேர்ந்து கேட்போம். அவர்களுடைய குரல் இதுவரை வெள்ளையரின் குரலாகவே கேட்கப்பட்டிருக்கிறது. தெற்காசியப் பெண்களின் பெயர்களும் கணக்குகளும் அதனுடன் சேர்ந்தால் அரசுக்குப் பதில் சொல்வது கடினமாகும்.

வெளிநாட்டில் இருப்போரை உயர்விலிருந்து விலக்கும் ஒழுங்குவிதிகள் ஆண்டுதோறும் புதிதாக எழுதப்பட்டு, ஏப்ரலுக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டிய காலம் தை, மாசி மாதங்கள். அதற்கு முன்னரே இந்த விடயத்தை உங்கள் நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, என்ன தீர்மானித்தீர்கள் என்பதை உறுப்பினர்களுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதில் ஈடுபடுவதில்லை என்று தீர்மானித்தாலும் அதை வெளிப்படையாக அறிவியுங்கள். வேறு யாரிடம் போவதென்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இளைப்பாறிய தாதி ஒருத்தி,
கிழக்கு லண்டன்.